சோலைக்காட்டு மூட்டத்தில் பார்த்த அந்த நீலப் பறவை எது?

ஜனவரி மாதக் காலையில் கொடைக்கானல் சோலை ஒன்றின் ஓரமாக நடந்துகொண்டிருந்தபோது, மூட்டத்துக்குள் பட்ட கிளை ஒன்றின் நுனியில் ஒரு பறவை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. சிட்டுக்குருவியை விட அளவில் தொட்டுத்தான் கூடுதல். நீலமா கறுப்பா என்றே தெரியவில்லை. இரண்டு மூன்று தடவை காற்றில் பாய்ந்து பூச்சி பிடித்துவிட்டு அதே கிளைக்குத் திரும்பியது. எடுத்த படத்தில் வெறும் நிழலுருவம்தான் விழுந்திருக்கிறது. இது நீலகிரி ஈப்பிடிப்பானா, குளிர்காலத்தில் வந்துபோகும் வெர்டிட்டர் ஈப்பிடிப்பானா, எதை வைத்து முடிவு செய்வது? சோலையில் வேறு எந்த ஈப்பிடிப்பான்களோடு குழப்பம் வரும்? இதுதான் உங்கள் கேள்வி.

நீங்கள் சொல்லும் விவரங்களை வைத்துப் பார்த்தால் நீலகிரி ஈப்பிடிப்பானாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்கான முதல் தடயம், நீங்கள் குறையாகச் சொன்ன விஷயம்தான்: அது கறுப்பாகத் தெரிந்தது. இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் இப்படி மூட்டம் சூழ்ந்திருக்கும் மேகக்காட்டில் பறவை பார்ப்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நீல இறகுக்குள் நீலச் சாயம் என்று எதுவும் கிடையாது. இறகின் இழைகளுக்குள் இருக்கும் மிக நுண்ணிய கெரட்டின் அமைப்பு ஒளியைச் சிதறடித்து நீலத்தைத் திருப்பி அனுப்புகிறது. அடியில் இருக்கும் கறுப்பு நிறமியான மெலனின், மற்ற நிறங்களை விழுங்கிவிடுகிறது. வெளிச்சம் நன்றாக இருந்தால் நீலம் பளிச்சென்று வரும். மூட்டத்தில், அதுவும் பறவைக்குப் பின்னால் வெள்ளையாக ஆகாயம் நின்றுவிட்டால், நம் பக்கம் வந்து சேரும் நீலம் மிகவும் குறைவு. கறுப்புதான் மிஞ்சும். ஆகவே புத்தகத்தில் உள்ள நீலத்தை மனதில் வைத்துக்கொண்டு சோலைக்குள் போனால் பாதிப் பறவைகளை அடையாளம் தெரியாமலே திரும்ப வேண்டியதுதான். நிறத்தை விட்டுவிட்டு அழுத்தத்தைப் பாருங்கள். அதாவது, இது அடர்ந்த பறவையா, வெளிறிய பறவையா?

வெர்டிட்டர் ஈப்பிடிப்பான் மயில்துத்த நிறம். மூட்டத்தில் அது நடுத்தரச் சாம்பலாகவோ வெளிறிய பச்சைநீலமாகவோ மங்கும், ஆனால் சுலபத்தில் கறுத்துப் போகாது. வெளிறிய முகத்தில், அலகுக்கும் கண்ணுக்கும் நடுவே உள்ள கரும்பட்டை தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். நீலகிரி ஈப்பிடிப்பான் ஆண் அவுரி நீலம். முகத்தில் அதே கரும்பட்டை இதற்கும் உண்டு, ஆனால் உடம்பே அடர்த்தியாக இருப்பதால் அது எடுத்துத் தெரியாது. மாறாக நெற்றியும் கண்ணுக்கு மேலே ஒரு சின்னக் கீற்றும் மட்டும் உடம்பை விடப் பிரகாசமான நீலமாக இருக்கும். சுருக்கமாகச் சொன்னால், வெர்டிட்டரின் முகத்தில் கண்ணில் படுவது கறுப்பு; நீலகிரிப் பறவையின் முகத்தில் கண்ணில் படுவது நீலம்.

இரண்டாவது, வயிறு. வெர்டிட்டருக்கு முதுகும் வயிறும் கிட்டத்தட்ட ஒரே நிறம், முக்கி எடுத்த மாதிரி. நீலகிரி ஈப்பிடிப்பானுக்கு மார்பு நீலம், கீழே போகப் போக வயிறு சாம்பலாகி, வாலடியில் வெளுத்துவிடும். கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது இந்த வித்தியாசம் நன்றாக உதவும். வாலடி இறகுகளின் வெள்ளை விளிம்புகளை மட்டும் தனியாகப் பிடித்துக்கொண்டு முடிவு சொல்லாதீர்கள். வெர்டிட்டருக்கும் அங்கே வெளிர் நுனிகள் உண்டு.

மூன்றாவதுதான் உண்மையில் முடிவு சொல்லும் அடையாளம்: வால். நீலகிரி ஈப்பிடிப்பானின் வாலில், ஓர இறகுகளின் அடிப்பகுதியில் இரண்டு பக்கமும் சின்ன வெள்ளைத் திட்டுகள் இருக்கின்றன. அறிவியல் பெயரான யூமியாஸ் ஆல்பிகாடேட்டஸ் என்பதிலும் இந்த வெள்ளை வால் இருக்கிறது. உட்கார்ந்திருக்கும்போது மேல் இறகுகள் மூடிக்கொள்வதால் அது தெரியாது. பூச்சியைப் பிடித்துவிட்டுத் திரும்பும்போது, கிளையில் இறங்கும் அந்த நொடியில் வேகத்தைக் குறைக்க வாலை விரிக்கும் பாருங்கள், அப்போது இரண்டு வெள்ளைப் பொட்டுகள் பளிச்சென்று தெரிந்து மறையும். வெர்டிட்டருக்கு இது கிடையவே கிடையாது. அதனால் பறவை கிளம்பிப் போகும்போது அதன் பின்னால் பைனாகுலரை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். மூட்டத்தில் எப்படியும் தொலைத்துவிடுவீர்கள். கிளையின் மேலேயே பைனாகுலரை வைத்துக் காத்திருங்கள். அது திரும்பி வரும், வாலை விரித்துக்கொண்டுதான் வரும்.

பெண் பறவைகளில்தான் உண்மையான சிக்கல். நீலகிரிப் பெண் மங்கல், கரும்பச்சை கலந்த சாம்பல் மேல்புறம், சாம்பல் அடிப்புறம். வெர்டிட்டர் பெண் ஆணின் நிறமேதான், சற்றுச் சாம்பல் பூசியதுபோல, முகத்துக் கரும்பட்டையும் மங்கல். இரண்டையும் மூட்டத்தில் பார்த்தால் முதல் பார்வையில் குழம்பாதவர்கள் யாரும் இருக்க முடியாது. இங்கே மறுபடியும் வாலின் வெள்ளையும், முதுகுக்கும் வயிற்றுக்கும் உள்ள நிற வித்தியாசமும்தான் கை கொடுக்கும். இரண்டும் தெரியவில்லையா, "ஈப்பிடிப்பான், இனம் தெரியவில்லை" என்று எழுதிவிட்டுப் போவதுதான் சரி. அப்படி எழுதுவதில் ஒரு குறைவும் இல்லை. தவறான பெயரை விடப் பெயரில்லாத பதிவு எவ்வளவோ மேல்.

காலமும் ஒரு நல்ல சல்லடை. வெர்டிட்டர் இமயமலையில் இனப்பெருக்கம் செய்யும் பறவை. குளிருக்குத் தெற்கே வந்து, வெயில் ஏறும்போது வடக்கே போய்விடும். ஜூன், ஜூலையில் நீங்கள் சோலையில் முழு நீலமான ஈப்பிடிப்பானைப் பார்த்தால் வெர்டிட்டர் என்ற பேச்சுக்கே இடமில்லை. நீலகிரி ஈப்பிடிப்பான் வருஷம் முழுக்க அங்கேயே இருக்கும். அது மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரிய பறவை: நீலகிரி, பழனி மலை, ஆனைமலை, அவற்றுக்குத் தெற்கே உள்ள மலைகள், வடக்கே கர்நாடகத்தில் பிலிகிரிரங்கன் மலை, பாபாபுதன் மலை வரை. பெரும்பாலும் 1200 மீட்டருக்கு மேலே; சில இடங்களில் 600 மீட்டர் வரையிலும் இறங்கும். மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1840-இல் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். உங்கள் ஜனவரியில் இரண்டு பறவைகளுமே கொடைக்கானலில் இருக்கலாம் என்பதால்தான் இவ்வளவு விளக்கம் தேவைப்படுகிறது.

சரி, மற்ற ஈப்பிடிப்பான்கள். சோலையில் எந்தப் பறவை என்பதைத் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் பார்த்தோம் என்பதே பாதி சொல்லிவிடும். சோலை மரங்கள் உயரம் குறைவானவை, காற்றுக்கு முறுகி வளர்ந்தவை. தண்டெல்லாம் பாசியும் மரப்பாசியும் ஒட்டிக்கொண்டிருக்கும். கீழே குறிஞ்சிப் புதரும் பெரணியும் மண்டிக் கிடக்கும். நீலகிரி ஈப்பிடிப்பான் இதில் நடு அடுக்கிலும் மேல் அடுக்கிலும், குறிப்பாகச் சோலை முடிந்து புல்வெளியோ பாதையோ தொடங்கும் விளிம்பில் இருக்கும். காட்டுப் பூவரசுக் கிளை, பட்ட கொம்பு, சில சமயம் வேலிக்கம்பி. சோலையை ஒட்டிய தோட்டங்களுக்கும் வரும். பூச்சி மட்டுமல்ல, சின்னப் பழங்களையும் தின்னும். ஆகவே பழமரத்தில் பார்த்தேன் என்பதால் ஈப்பிடிப்பான் இல்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

முட்டி உயரத்தில், புதருக்குள்ளே, ஏதோ ஆரஞ்சாக நகர்ந்தால் அது கறுப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான். என்னைக் கேட்டால் சோலைக்காட்டின் சொத்து இதுதான். ஆணுக்குத் தலையும் இறக்கையும் நல்ல கறுப்பு, மீதி உடம்பெல்லாம் செம்மஞ்சள். பெண்ணுக்குக் கறுப்புக்குப் பதிலாக ஆலிவ் பழுப்பு, கண்ணைச் சுற்றி வெளிறிய வளையம். இதை வேறெதோடும் குழப்பிக்கொள்ள வாய்ப்பே இல்லை. கஷ்டம், கண்ணில் படுவதுதான். மேலே பார்த்துக்கொண்டே நடப்பவர்கள் இதன் பக்கத்திலேயே கடந்து போய்விடுவார்கள். மூங்கில் புதர், பெரணி, குறிஞ்சி இருக்கும் இடத்தில் பாதையில் நின்று, தரையிலிருந்து நெஞ்சு உயரம் வரை உள்ள இருட்டை மெதுவாகத் துழாவுங்கள். மெல்லிய, கூர்மையான, உலோகத்தைத் தட்டினாற்போன்ற 'சிக்' ஒலி முதலில் கேட்கும். சத்தம் காட்டாமல் நின்றால் தானாகவே பாதை ஓரத்துக்கு வந்து, தரையில் இறங்கிப் பூச்சியைக் கொத்திவிட்டு மறுபடி ஏறி உட்காரும். தன் சின்ன எல்லையை விட்டு அதிகம் நகராத பறவை. இன்று பார்த்த புதரில் அடுத்த மாதமும் பார்க்க நல்ல வாய்ப்பு உண்டு.

அதே கீழ் அடுக்கில் நீலமாக, நீண்ட கால்களோடு தரையில் தத்தி நடப்பது ஈப்பிடிப்பான் அல்ல, அது சோலைக்கிளி. ஈப்பிடிப்பான்களின் குடும்பமேதான், ஆனால் 2017-இல் இவற்றுக்கென்று ஷோலிகோலா என்ற தனிப் பேரினமே ஏற்படுத்தப்பட்டது. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, பழனி மலையிலும் ஆனைமலையிலும் இருப்பது வெண்வயிற்றுச் சோலைக்கிளி. வடக்கே நீலகிரியில் இருப்பதற்கு விலாப்பக்கம் செம்பழுப்பு. நீங்கள் பார்த்தது கிளை நுனியில் உட்கார்ந்து காற்றில் பாய்ந்தது என்பதால் இதற்கு வாய்ப்பில்லை.

நீலகிரி ஈப்பிடிப்பானோடு நீங்கள் எதிர்பார்க்காத ஒரு குழப்பம், கறுப்பு வெள்ளைப் புதர்ச்சிட்டு. ஆண் கறுப்பு, மலைப் புல்வெளியில் செடி நுனியில் நிமிர்ந்து உட்காரும், பூச்சிக்குப் பாயும், மூட்டத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் அச்சு அசல் உங்கள் பறவைதான். போதாததற்கு இரண்டின் பாட்டிலும் சாயல் உண்டு. ஆனால் புதர்ச்சிட்டு பறக்கும்போது இறக்கையில் வெள்ளைப் பட்டையும் பிட்டத்தில் வெள்ளையும் தெரியும். அது புல்வெளிக்காரன், மரத்துக்குள் வேலையில்லை. நீலகிரி ஈப்பிடிப்பான் திறந்த வெளியில் உட்கார்ந்தாலும் துரத்தினால் சோலைக்குள்தான் போகும்.

சலசலவென்று ஒரு கலப்புக் கூட்டம் வந்தால், அதில் ஓயாமல் துள்ளும் சாம்பல் தலை, மஞ்சள் வயிறு கொண்ட சின்னப் பறவையைப் பார்ப்பீர்கள். சாம்பல்தலை ஈப்பிடிப்பான் என்று பெயர், குரலும் உடம்புக்குச் சம்பந்தமில்லாத சத்தம். உண்மையில் இது ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல, வேறொரு சின்னக் குடும்பம். அடையாளம் காண்பது சுலபம் என்பதால் இதற்கு மேல் எழுதவில்லை. ஆனால் அந்தக் குரல் கேட்டால் நில்லுங்கள். வெள்ளைக்கண்ணிகளும் மற்றவையும் கூடவே வரும், நீலகிரி ஈப்பிடிப்பானும் சில சமயம் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளும்.

குளிர்கால விருந்தாளிகளில் பழுப்பு நிற ஈப்பிடிப்பான்கள் தனி ஒரு தலைவலி. பழுப்புமார்பு ஈப்பிடிப்பானையும் ஆசியப் பழுப்பு ஈப்பிடிப்பானையும் பிரிக்கக் காலையும் கீழலகையும் பாருங்கள். முன்னதற்குக் கால் வெளிறிய தோல் நிறம், கீழலகு முழுக்க மஞ்சள். பின்னதற்குக் கால் கறுப்பு, கீழலகின் அடி மட்டும் வெளிர், நுனி கறுப்பு. இந்தப் பழுப்புமார்புப் பறவையின் அறிவியல் பெயர் மஸ்கிகாபா முத்துயி. இலங்கையில் பறவைகளை ஆராய்ந்த லேயார்டு 1854-இல், தன்னிடம் வேலை பார்த்த முத்து என்பவரின் பெயரை இதற்கு வைத்தார். மாதிரியைக் கொண்டுவந்து கொடுத்தவர் முத்துதான். உலகத்துப் பறவையியல் நூல்களிலெல்லாம் ஒரு தமிழ்ப் பெயர் இப்படி உட்கார்ந்திருப்பதை நினைத்தால், அந்தப் பறவையைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

இன்னொரு விருந்தாளிக்காகக் கண்ணைத் திறந்தே வைத்திருங்கள்: காஷ்மீர் ஈப்பிடிப்பான். வடமேற்கு இமயத்தில் கூடு கட்டி, இலங்கை மலைகளிலும் நீலகிரி போன்ற நம் உயர்மலைகளிலும் குளிர்காலத்தைக் கழிக்கும். பன்னாட்டுச் செம்பட்டியலில் இது அழிவாய்ப்புள்ள இனம். ஆணுக்குத் தொண்டையும் மார்பும் செம்மஞ்சள், அந்தச் செம்மஞ்சளைச் சுற்றிப் பக்கவாட்டில் கறுப்புக் கரை. இதைப் போலவே தெரியும் செம்மார்பு ஈப்பிடிப்பானுக்கு அந்தக் கறுப்புக் கரை கிடையாது. அப்படி ஒன்று கிடைத்தால் படம், தேதி, இடம் மூன்றையும் கட்டாயம் பதிவு செய்யுங்கள்.

இனி, மூட்டத்தில் பார்க்கும் முறை. பைனாகுலர் 8x42 வைத்துக்கொள்ளுங்கள். 8 என்பது பெரிதாக்கும் மடங்கு, 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25, அத்தனை மில்லிமீட்டர் அகல ஒளிக்கற்றை கண்ணுக்கு வரும். 10x42-இல் அது 4.2 தான். சோலைக்குள் உள்ள அரை இருட்டில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும், பெரிதாகத் தெரிவதை விட வெளிச்சமாகத் தெரிவது முக்கியம். கேமராவில் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 வையுங்கள், பின்னால் வெறும் வெள்ளை என்றால் +2 வரை போகலாம். உங்கள் படத்தில் நிழலுருவம் மட்டும் விழுந்ததற்குக் காரணம் அதுதான்: வெள்ளை மூட்டத்தைப் பார்த்துக் கேமரா பிரகாசத்தைக் குறைத்துவிட்டது. ரா கோப்பாக (கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்திருந்தால் இப்போதும் வீட்டில் நிழல் பகுதியைத் தூக்கிப் பாருங்கள். நெற்றி நீலமும் வயிற்றுச் சாம்பலும் வெளியே வர வாய்ப்பிருக்கிறது.

நேரம் என்று பார்த்தால், மூட்டம் விலகி வெயில் ஒரு கீற்று விழும் அந்தக் கொஞ்ச நேரம்தான் பொன்னானது. குளிரில் ஒடுங்கியிருந்த பூச்சிகள் வெயில் பட்டதும் எழும்பும். உடனே ஈப்பிடிப்பான்கள் விளிம்புக்கு வரும். ஆகவே அடர்ந்த சோலைக்குள் நுழைந்து அலைவதை விட, கிழக்கு வெயில் விழக்கூடிய ஒரு சோலை விளிம்பைத் தேர்ந்தெடுத்து அங்கேயே நில்லுங்கள். நீலகிரிப் பக்கம் போனால் கோத்தகிரி லாங்வுட் சோலை நல்ல இடம். 116 ஹெக்டேர் அளவுள்ள இந்தச் சோலை 2024-இல் ராம்சர் தளமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. வனத்துறை அனுமதியோடுதான் உள்ளே போக வேண்டும்; மற்றக் காப்புக்காட்டுச் சோலைகளுக்கும் இதே விதிதான். மழைக்காலம் என்றால் அட்டைப்பூச்சி ஏறாமலிருக்கக் காலுக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள்.

குரலைக் கைபேசியில் பதிவு செய்வது நல்ல பழக்கம். படம் தேறாவிட்டாலும் பாட்டை வைத்துப் பின்னால் சொல்லிவிடலாம். நீலகிரி ஈப்பிடிப்பானின் பாட்டு தெளிவான சீழ்க்கைகள் கோத்த, ஏறி இறங்கும் இழை, சற்று நீளமாகவே போகும். குரலைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும் மெர்லின் செயலி ஏதாவது பெயர் காட்டினால் அதைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக அல்ல. புதர்ச்சிட்டின் பாட்டோடு உள்ள சாயலை நான் மேலே சொன்னேன் அல்லவா, அந்த மாதிரி இடங்களில் செயலியும் தடுமாறும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பறவையை வெளியே வரவைக்க அதன் குரலைப் போட்டுக் காட்டாதீர்கள். பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை நீலகிரி ஈப்பிடிப்பானுக்கும், அதற்குள்ளேயே மார்ச் முதல் மே வரை கறுப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பானுக்கும் கூடு கட்டும் காலம். தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டதாக நினைத்து, குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரத்தை அந்தப் பறவை உங்கள் கைபேசியோடு சண்டை போட்டு வீணாக்கும். சோலைகள் ஏற்கெனவே தேயிலைக்கும் சீகை (வாட்டில்) மரத்துக்கும் யூகலிப்டஸுக்கும் இடம் கொடுத்துச் சுருங்கிப்போனவை. ஒரு சின்னத் துண்டுச் சோலையில் இருக்கும் ஜோடிகள் சில. வார இறுதிக்கு வார இறுதி வருகிறவர்கள் எல்லாரும் குரல் போட்டால் அவை எங்கே போகும்? நீலகிரி ஈப்பிடிப்பான் பாசியால் கூடு கட்டும். மண்சரிவின் பொந்து, மரப்பொந்து, பாலத்தின் அடி, வீட்டு இறவாணம் என்று மனிதன் கைக்கு எட்டும் இடங்களிலும் வைக்கும். கறுப்பு-ஆரஞ்சுப் பறவையின் கூடு, கோரையும் பெரணியும் சுற்றிய உருண்டை, பக்கவாட்டில் வாசல், தரையிலிருந்து அதிக உயரமில்லாத புதரில். நீங்கள் நிற்கும் இடத்தில் பறவை வாயில் இரையோடு விழுங்காமல் தவித்துக்கொண்டிருந்தால், கூடு பக்கத்தில்தான் இருக்கிறது, வழியை மறித்துக்கொண்டு நிற்பது நீங்கள்தான் என்று அர்த்தம். வந்த வழியே பின்வாங்கிவிடுங்கள்.

மே, ஜூன் வாக்கில் உடம்பெல்லாம் வெளிர்மஞ்சள் புள்ளி போட்ட பழுப்புப் பறவை ஒன்றைப் பார்த்துவிட்டுப் புது இனமோ என்று திகைக்க வேண்டாம். நீலகிரி ஈப்பிடிப்பானின் இளம் பறவை அப்படித்தான் இருக்கும். இறக்கையிலும் வாலிலும் மட்டும் பெரிய பறவையின் நிறம் எட்டிப் பார்க்கும். அதைப் பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் இணையதளத்தில் பதிவு செய்யும்போது 'இளம் பறவை' என்று தனியாகக் குறித்துவிடுங்கள். எந்தச் சோலையில் இனப்பெருக்கம் நடக்கிறது என்பதற்கு அது நேரடிச் சான்று. கூட்டையே பார்த்திருந்தால் அதன் துல்லியமான இடத்தையும் படத்தையும் வெளியே போடாமல், சோலையின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.